முறைப் பை

பழைய சாமான் வரிசைக்குள் போலீஸ் ஜீப் நுழையும்போது எவனாவது ஓடினால் அவன் புது ஆள் என்று அர்த்தம். பழைய ஆட்கள் ஓடமாட்டார்கள். ஒருத்தன் டீ சொல்லுவான், ஒருத்தன் ஸ்டூலைத் துடைத்துப் போடுவான், மற்றவர்கள் வரிசைத் தலைவரின் கடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

லாரி, கார், டிராக்டர் என்று ஓடி ஓய்ந்த வண்டிகள் எல்லாம் உதிரி உதிரியாக வந்து சேருகிற இடம் அது. எதிரெதிரே தகரக் கூரைக் கடைகள். ஒரு கடையில் ரேடியேட்டர் மட்டும், ஒன்றில் கதவும் கண்ணாடியும் மட்டும், ஒன்றில் போல்ட்டும் நட்டும் மலைமலையாக. கடைகளுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். அதில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல்கள். சாக்கில் கட்டி வருகிற சாமான்களில் எது செத்த வண்டியில் கழற்றியது, எது உயிரோடு நின்ற வண்டியில் கழற்றியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக் கேட்டு வாங்கினால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் அவ்வப்போது திருட்டுச் சாமான் அகப்படும். அகப்பட்டால் போலீசுக்கு ஒரு ஆள் வேண்டும், வரிசைக்கு நிம்மதி வேண்டும். இரண்டையும் உத்தேசித்து உண்டானதுதான் முறை.

ஒரு தடவை ஒரு கடைக்காரன் போவான். "ஆமாங்க, நான்தாங்க வாங்கினேன்" என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ உள்ளே இருந்துவிட்டு வருவான். அதுவரை அவன் கடையை மற்றவர்கள் நடத்துவார்கள், அவன் வீட்டு அடுப்பு அணையாது. அடுத்த தடவை அடுத்த கடை. போகிறவனுக்கென்று ஒரு பச்சை ரெக்ஸின் பை தலைவருடைய டயர் கடை ஆணியில் தொங்கும். உள்ளே ஒரு கம்பளி, ஒரு துண்டு, சோப்பு டப்பா, ராணி ஒன்று குறைந்த சீட்டுக்கட்டு. பை எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டுக்கு முறை. திரும்பி வந்ததும் அலசிக் காயவைத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். இதை நியாயம் என்று நம்பிக்கொண்டு ஒரு வரிசை முழுக்க மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

டீசலக்காவுக்கு அவ்வளவு நல்ல தூக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. துருவேறிய பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் டீசல் தொட்டியில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. தலைக்குக் குளித்தாலும் டீசல் வாடை போகாது, அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் போல்ட்டுக் கடைக்காரன். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது போல்ட்டை வாயில் கவ்விக்கொள்கிற பழக்கம், அதனால் அவனும் போல்ட்டுதான். இல்லை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வருவதற்கு வழியும் அடைத்துத்தானே கிடந்தது.

அன்று காலையிலிருந்தே மழை. முற்றத்துச் சேற்றில் எண்ணெய் மிதந்து நிறம் நிறமாக ஓடியது. முதல் நாள் அந்த முற்றத்தில், தலைவருடைய டயர் குவியலுக்குப் பின்னால், புத்தம்புது லாரி ஒன்றிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் அகப்பட்டிருந்தது. எந்தச் சாக்கில் வந்தது, யார் இறக்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாது என்றார்கள். தலைவர் குடையை மடக்கிக்கொண்டு டீசலக்காவின் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பச்சைப் பை.

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "இது எங்க முறை இல்லையே தலைவரே. போன தடவை கண்ணாடிக் கடை. அடுத்து உங்க கடைதானே?"

"என் கடைதான். யாரு இல்லைன்னா. என் உடம்பு தாங்காதுன்னு பையன் போறதா இருந்துச்சு. அவன் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான்மா. இப்ப போய் அவன் பேர்ல ஒரு கேசு விழுந்தா, கரையில நின்னு கப்பலைப் பார்க்க வேண்டியதுதான்."

"அதுக்கு?"

"போல்ட்டு பேர்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு. ரெண்டோட மூணாப் போகட்டும். புதுசா ஒருத்தன் பேரைக் கெடுப்பானேன்?"

"கெட்ட பேருதானே, இன்னும் கொஞ்சம் கெடட்டும்ங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க சொல்லலை. உங்க கையில இருக்கற பை சொல்லுது."

கடைக்குள்ளிருந்து போல்ட்டு வந்தான். வாயிலிருந்த போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "விடு. தலைவர் நமக்குச் செய்யாததா? கடை எடுக்கறப்ப யார் வந்து நின்னாங்க?"

"அவரு வந்து நின்னாருன்னு நீ போய்ப் படுக்கணுமா?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம். இந்தான்னு வந்துடுவேன்" என்று பையை வாங்கிக்கொண்டான். மழைக்கு அதைச் சட்டைக்குள் இடுக்கிக்கொண்டு, கடைவீதிக்குப் போகிறவன் மாதிரி நடந்துபோனான். தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்த சக்கரத்தை எடுத்து அவள் தேய்த்த தேய்ப்பில் பிரஷ் மயிர் உதிர்ந்தது.

மாதம் ஒன்று போய் இரண்டும் போயிற்று. போல்ட்டு வரவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வரப்போகிறது என்று சொல்லியனுப்பினார்கள். இலவசச் சட்ட உதவியில் போட்டிருந்த வக்கீலம்மாவைப் பார்க்க டீசலக்கா கோர்ட்டு வராந்தாவுக்குப் போனாள். வக்கீலம்மா சின்ன வயசுக்காரி. ஜலதோஷம் வேறு. கைக்குட்டையும் கேஸ் கட்டும் காகிதமுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டாராம். கோர்ட்டுலயும் ஒத்துக்கறேன்னுதான் சொல்றார். நான் சொன்னா காதுல வாங்கமாட்டேங்கறார். நீங்களாவது கேளுங்க. இந்தத் தடவை குற்றச்சாட்டுல பழைய தண்டனை ரெண்டையும் சேர்த்திருக்காங்க."

"சேர்த்தா என்னம்மா ஆகும்?"

"ஒரு தடவைன்னா மாசக் கணக்கு. இதே மாதிரிக் குத்தத்துக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை தண்டனை வாங்கினவர்னு ஆயிட்டா வருஷக் கணக்கு. ஏழு வருஷம் வரைக்கும் போடலாம்." தும்மிவிட்டுத் தொடர்ந்தாள். "முதல்ல இந்தக் கியர்பாக்ஸை நீ வாங்கினியான்னு கேட்பாங்க. ஆமான்னு சொல்லிட்டா அதோட விடமாட்டாங்க. அடுத்ததாப் பழசை எடுப்பாங்க. அந்த ரெண்டும் இவருதான்னு ஆச்சுன்னா முடிஞ்சுபோச்சு."

டீசலக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மகளுக்கு ஒன்பது வயது. ஏழு வருஷம் கழித்து அப்பன் வரும்போது அவள் அப்பனைவிட உயரமாக இருப்பாள். அப்புறம்தான் வக்கீலம்மா சொன்னதில் ஒன்று அவள் மண்டையில் உறைத்தது.

"ரெண்டும்ங்கறீங்களே. ரெண்டாவது எப்ப?"

வக்கீலம்மா கட்டைப் புரட்டி வருஷத்தையும் மாதத்தையும் சொன்னாள்.

டீசலக்கா வராந்தா என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டாள். "அது அவரு இல்லைங்க. அது எங்க அண்ணன்."

அந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பார்கள். முதல் தடவை கல்யாணமான புதிதில் போல்ட்டே போய்விட்டு வந்தான். இரண்டாவது சுற்றில் மறுபடி அவன் முறை வந்தபோது, பெயரைப் போலீசில் கொடுத்தாயிற்று, போகவேண்டிய அன்று விடிந்ததும் இவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன்தான், "மாப்பிள்ளை, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. உன் பேர்ல நான் போறேன். எந்த மூஞ்சி எவனுதுன்னு யாரு பார்க்கப்போறா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன். உள்ளே ஆள் எண்ணும்போது போல்ட்டின் பெயரைக் கூப்பிட்டால், அது தன் பெயர் என்று மறந்து சும்மா நிற்பானாம். காது மந்தம் என்று நினைத்துக் காவலர்கள் அவன் காதுக்கருகில் வந்து கத்துவார்களாம். "ரெண்டு மாசம் நான் எனக்கே மாப்பிள்ளையா இருந்தேன்" என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் குழந்தைகூடக் கைதட்டும்.

கேட்டு முடித்தபோது வக்கீலம்மாவுக்குத் தும்மல் நின்றிருந்தது.

"உள்ளே போனப்ப கைரேகை எடுத்திருப்பாங்களே?"

"எடுக்காம இருப்பாங்களா?"

"அப்ப அது உங்க அண்ணன் ரேகை. ஒத்துப்பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பழசு ரெண்டுல ஒண்ணு கழண்டா இந்த ஏழு வருஷக் கணக்கே நிக்காது." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு. இவரு இல்லைன்னா வேற யாருன்னு கேள்வி வரும். ஆள் மாறாட்டம்னு உங்க அண்ணன் மேல கேசு வரலாம். அவர்கிட்ட சொல்லாம நான் இதைத் தொடமாட்டேன். இன்னொண்ணு, உங்க வீட்டுக்காரர் இந்தக் குத்தத்தை ஒத்துக்கக் கூடாது."

ஒத்துக்கக் கூடாது என்று வக்கீலம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். போல்ட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

ஜெயிலில் பார்க்கிற இடத்தில் இரண்டு கம்பிவலை, நடுவே ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த, அந்தப் பக்கமும் கத்த, சந்தை மாதிரி இருந்தது. போல்ட்டு இளைத்திருந்தான். கவ்வுவதற்கு ஒன்றும் இல்லாமல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தலைவர் ஆள் அனுப்பியிருந்தாரு" என்றான். "ஒத்துக்கோ, பழசை எடுக்கவிடாம நான் பேசிக்கறேன்னு."

"யார்கிட்ட பேசுவாரு? டயர்கிட்டயா? பழசெல்லாம் சேர்த்து எழுதியாச்சுய்யா. வக்கீலம்மா படிச்சுக் காட்டினாங்க."

"இவ்வளவு நாள் சொன்னதை இப்ப எப்படி இல்லைன்னு சொல்றது? மானக்கேடா இருக்காதா?"

"செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னப்ப எங்க போச்சு மானம்? இப்ப மட்டும் வந்து கழுத்தைப் பிடிக்குதா?"

பக்கத்தில் யாரோ ஒரு அம்மா மகனிடம் சாப்பிட்டாயா என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தாள்.

"மச்சான் பேரை மட்டும் இழுக்காதே" என்றான் கடைசியில். "நான் போகவேண்டிய இடத்துக்குப் போன மனுஷன். அவர் பேரை என் வாயால சொல்லமாட்டேன்."

"நீ சொல்லவேண்டாம். நீ ஒரே ஒரு சொல்லு சொன்னாப் போதும். இல்லைன்னு சொல்லு. சொல்லிப் பாரு, இப்ப."

"இங்கயா?"

"இங்கதான். என்கிட்ட சொல்லு."

போல்ட்டு வாயைத் திறந்தான், மூடினான். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் ஜெயித்தது. "அந்தப் பையைக் கொடுத்தனுப்பு. உன்கிட்ட அது இருக்கற வரைக்கும் முறைக்குத்தான் வந்திருக்கேன்னு உனக்கு நினைப்பு ஓடும். கம்பளி நான் வேற கொண்டாந்து தரேன்." காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பையை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

அண்ணன் வீட்டில் அண்ணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். டீசலக்கா உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் ரேடியேட்டர் குழாய் ஒன்றை ஊதி ஊதி அடைப்புப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஊதுவதை நிறுத்திவிட்டான்.

அண்ணிதான் முதலில் பேசினாள். "போல்ட்டு பேர்லதானே எழுதியிருக்கு? எழுதினது எழுதினபடி இருக்கட்டும். என் புருஷன் உதவி செஞ்சதுக்கு இப்ப அவரைக் கொண்டுபோய் மாட்டிவிடப் பார்க்கிறியா?"

"உதவிதான் அண்ணி. நான் மறக்கலை. என் பொண்ணு பொறந்தப்ப அவ அப்பன் பக்கத்துல இருந்தான்னா அது அண்ணனாலதான். அந்த உதவிக்கு ஏழு வருஷம் வட்டி கட்டச் சொல்றாங்களே, அதைத்தான் கேட்கிறேன்."

"தங்கச்சி, எனக்கு அன்னைக்கு வயசு இருந்துச்சு" என்றான் அண்ணன். "இப்ப பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கேன். ஜெயிலுக்குப் போனவன் பொண்ணுன்னு..."

"நீ போனது ஊருக்கே தெரியும்ணே. நீயே சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதைதானே. நாலு பேர்கிட்டச் சிரிச்சுச் சொன்னதை ஒரு ஆள்கிட்டச் சிரிக்காமச் சொல்லணும், அவ்வளவுதான்."

"எங்க, கோர்ட்டுலயா? என்னால ஆகாது. போ."

அவள் வாசலுக்கு வந்தாள். அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்த பச்சைப் பையைப் படியில் வைத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இது இங்கயே இருக்கட்டும். நீ வந்தாலும் வராட்டியும் அவரு ஒத்துக்கமாட்டாரு. உன் பேரும் எங்க வாயிலருந்து வராது. ஆனா இந்தப் பை இனி என் வீட்டுப் படி ஏறாது" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். அண்ணி ரொட்டி சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது. பசி இருந்தது. திரும்பவில்லை.

மறுநாள் தலைவர் தொட்டிப் பக்கம் வந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "வரிசையோட ஒத்துமையைக் குலைக்காதேம்மா. இந்த முறை இருக்கறதாலதான் நாம எல்லாரும் பிழைக்கிறோம்."

"முறை இருந்துச்சுன்னா நான் ஏன் பேசறேன் தலைவரே? உங்க வீட்டு வாசலுக்கு வந்ததும் அது முறை தப்பி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. ஒருத்தன் பேர்ல ஒரு கறை விழுந்தா அப்புறம் எல்லாரும் அவன் மேலயே கை துடைக்கலாம்னு ஆயிடுச்சு. கோர்ட்டுக்காரங்களும் அதையேதான் செய்யறாங்க. நீங்களும் அதையேதான் செஞ்சீங்க."

"கோர்ட்டுல வரிசை ஆளுங்க என்ன சாட்சி சொல்லுவாங்கன்னு யோசிச்சியா?"

"சொல்லட்டும். கியர்பாக்ஸ் யாரோட டயருக்குப் பின்னால கிடந்துச்சுன்னு வக்கீலம்மா அவங்களைக் கேட்பாங்க. அதையும் யோசிச்சு வைங்க."

தலைவர் போன பிறகு பிரஷ்ஷை எடுத்தாள். ஏற்கெனவே தேய்த்து முடித்த பேரிங்கை மறுபடி தொட்டியில் போட்டுத் தேய்த்தாள்.

கோர்ட்டு அறை சின்னது. ஜன்னல் பக்கம் ஒழுகி, சுவரில் பச்சையாகப் பூத்திருந்தது. பின்பெஞ்சில் தலைவர் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் வரிசை ஆட்கள் நாலைந்து பேர். அண்ணனைக் காணவில்லை. டீசலக்கா ஒரு மூலையில் நின்றாள். அவள் பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

போல்ட்டைக் கூண்டில் ஏற்றினார்கள். குமாஸ்தா மனப்பாடமாக ஒப்பிக்கிற குரலில் குற்றச்சாட்டைப் படித்தார். கியர்பாக்ஸ், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியது. அப்போதே வக்கீலம்மா எழுந்து நின்றுகொண்டாள்.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்றார் நீதிபதி, நிமிராமலே. பேனா தயாராக இருந்தது.

போல்ட்டின் வாய் திறந்தது. ஆமாங்க என்று சொல்லிப் பழகிய வாய். அவன் பின்பெஞ்சைப் பார்த்தான். தலைவர் லேசாகத் தலையாட்டினார். அப்புறம் மூலையைப் பார்த்தான். டீசலக்கா தலையாட்டவில்லை, கையசைக்கவில்லை, அவனையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைங்க" என்றான் போல்ட்டு.

சத்தம் வெளியே வரவில்லை. நீதிபதி நிமிர்ந்தார். "என்ன?"

"இல்லைங்க. நான் வாங்கலைங்க." இந்தத் தடவை அறை முழுக்கக் கேட்டது.

வக்கீலம்மா விடவில்லை. குற்றச்சாட்டில் சேர்த்திருக்கும் பழைய தண்டனைகளில் இரண்டாவது இவருடையதே அல்ல, அந்தச் சமயத்தில் ஜெயிலில் எடுத்த கைரேகையை இவர் ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அரசு வக்கீல் சிரித்தார். "ஒவ்வொருத்தனும் இப்படிக் கிளம்பினா பழைய தண்டனைன்னு ஒண்ணு இருக்கவே இருக்காதே. இவர் இல்லைன்னா இவர் பேர்ல ஜெயில்ல இருந்தது யாராம்? பேயா?"

போல்ட்டு கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். வக்கீலம்மாவும் பேசவில்லை. அண்ணன் பேர் எங்கள் வாயிலிருந்து வராது என்று டீசலக்கா கொடுத்த வாக்கு அவளையும் கட்டியிருந்தது. டீசலக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கோர்ட்டுக்கு வருகிறோம் என்று தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கையில் பச்சைப் பை. "அந்த ரெண்டாவது தடவை மாப்பிள்ளை பேர்ல உள்ளே இருந்தது நான்தாங்க. என் ரேகையை எடுத்துப் பாருங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி நடுவுல பேசக்கூடாது. நீங்க சொல்றது உங்க மேலயே ஒரு வழக்காகும், தெரியுமா? முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்து யோசனை கேளுங்க. சாட்சிக்குக் கூப்பிட்டா அப்ப வந்து சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்க. பையோடதான் வந்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். வரிசை ஆட்கள் சிரிக்கவில்லை. அந்தப் பை என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

குற்றத்தை மறுக்கிறார் என்று நீதிபதி எழுதிக்கொண்டார். ரேகைகளை ஒப்பிட்டு அறிக்கை தரச் சொல்லி உத்தரவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். வழக்கு முடியவில்லை. போல்ட்டு அன்றைக்கு வீட்டுக்கு வரப்போவதும் இல்லை. ஆனால் ஏழு வருஷத்தை அவன் தலையில் கட்ட இனி அவர்கள் வேலை செய்தாக வேண்டும்.

வராந்தாவில் கைவிலங்கோடு அவனைக் கூட்டிப்போன காவலர் பழக்கப்பட்டவர். "என்னய்யா போல்ட்டு, ஒத்துக்கிட்டிருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்குமே. எதுக்கு இந்த வீண் வேலை? பேசாம அடுத்த தடவை ஒத்துக்கோ."

"இல்லைங்க" என்றான் போல்ட்டு. இப்போது சுலபமாகவே வந்தது. டீசலக்காவைத் தாண்டும்போது அவள் பக்கம் திரும்பி, கேட்டாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தினான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு அண்ணன் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் மேல கேசு போட்டு நீ உள்ளே போறதா இருந்தா, உன் பேர்ல போ, உன் பையோட போ. நானே தைச்சுத் தரேன். இது வேண்டாம்."

தலைவர் இன்னும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் வரிசை ஆட்கள். டீசலக்கா நேராகப் போனாள். டீசல் கறை ஏறிய விரல்களால் பையின் வாரைச் சரிசெய்து, வெள்ளைச் சட்டைக்குக் கீழே அவர் மடியில் வைத்தாள்.

"அலசி வச்சிருக்கேன் தலைவரே. அடுத்தது உங்க முறை."

தலைவர் வரிசை ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தப் பையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொள்ள ஒருவரும் கையை நீட்டவில்லை.